பெரட்டுக் களத்திலிருந்து வாக்குச் சாவடிக்கு



மொழி மன்றத்தின் பொழிவுத் தொடரில் வாக்குரிமையைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இத்தலைப்பை எனக்குத் தந்தவர்கள் மன்றத்தார். தேர்தல் முடிந்து ஒவ்வொரு முறையும், தமிழ் மாணவருள் பலர் வாக்களிக்கவே ஊர் திரும்பவில்லை என்னும் செய்தி ஆசிரியர் வழியே மன்றத்திற்கு வருகிறதாம். அரசியல் அறிஞர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் வந்தால் கட்சி பேசுவார், நீங்கள் சொல்லைப் பேசுவீர்கள் என்றார்கள். ஆகவே இவ்வுரையில் எக்கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ ஒன்றும் இராது. சில சொற்களும் சில பட்டியல்களும் மட்டுமே இருக்கும்.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன். இந்நாட்டுத் தமிழர் நாவில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. தோட்டத்துப் பேச்சில் 'ஓட்டு'. அது ஆங்கிலத்தின் வழி வந்தது. நாளிதழிலும் வானொலியிலும் 'வாக்கு'. அது வடமொழியின் வழி வந்தது. அரசாங்கத் தாளில் 'உண்டி', அது மலாய். நம் மொழியில் உணவைக் குறிக்கும் உண்டியோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலாயில் உண்டி என்பது திருவுளச் சீட்டையும் குறிக்கும். சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்வதற்கும், வாக்களித்து ஒருவரைத் தேர்வதற்கும் அம்மொழியில் ஒரே வேர்ச்சொல்தான்.

'வாக்கு' என்னும் சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. வாக்கு என்றால் பேச்சு, பிறகு உறுதிமொழி. வாக்குத் தவறினான் என்கிறோம். இன்று 'வாக்களித்தல்' என்னும் ஒரே வினை இருவருக்கும் பொருந்துகிறது. மேடையில் நிற்பவர் மக்களுக்கு வாக்களிக்கிறார். மக்கள் சாவடிக்குச் சென்று அவருக்கு வாக்களிக்கிறார்கள். முன்னதில் அது உறுதிமொழி; பின்னதில் அது தேர்வு. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று சொல் கொடுத்துக்கொள்வதாகத் தமிழ் இதனைக் கட்டமைத்திருக்கிறது. நான் அறிந்த வேறு மொழிகளில் இவ்வமைப்பு இத்துணைத் தெளிவாக அமையவில்லை.

வாக்குரிமை என்றதும் நம்மவர் உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். நானும் ஒரு நிமிடம் போய் வருகிறேன், ஆனால் சற்று எச்சரிக்கையோடு. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை இடுவதற்கில்லை. இவ்வொரு விதிக்காகவே அக்கல்வெட்டை மெச்சலாம். ஆயினும் அது பிராமணக் குடியிருப்பு ஒன்றின் சபைக்கான விதி. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். வேத அறிவு வேண்டும். இங்கே அமர்ந்திருப்போருள் யாருடைய பாட்டனாரின் பெயர் அக்குடத்துள் விழுந்திருக்கும்? மேலும், அது குலுக்கல். மக்கள் தம் விருப்பத்தைத் தெரிவித்த தேர்தலன்று. மலாய் மொழியின் உண்டிக்கு அதன் பழம்பொருளில் அது நெருங்கியது. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலும் குடத்திலிருந்து ஓலை எடுப்பது உவமையாக வருகிறது. ஆகவே வழக்கம் இன்னும் பழையது. பெருமை கொள்ளலாம். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு வாக்குரிமை இருந்தது என்று மேடையில் முழங்கும்போது, நம் மூதாதையருள் பெரும்பாலோர் அக்குடத்திற்கு வெளியே நின்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேர்வு என்பதற்கு இவ்வளவு தொலைவு போக வேண்டியதுமில்லை. நாம் இருக்கும் மாநிலத்தையே பாருங்கள். நெகிரி செம்பிலானின் ஆட்சியாளரான யாங் டி பெர்துவான் பெசார், சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங் எனப்படும் தலைவர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். 1957இல் ஆட்சியாளர்கள் கூடி இந்நாட்டின் முதல் மாமன்னராகத் தேர்ந்தெடுத்ததும் இம்மாநிலத்தின் துவாங்கு அப்துல் ரஹ்மானைத்தான். உங்கள் சட்டைப்பையில் உள்ள ரிங்கிட் தாளில் இருப்பவர் அவரே. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் முகத்தை நாம் நாள்தோறும் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம்.

லிங்கி, லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் என்று இம்மாநிலத்தின் தோட்டங்களில் சொற்களைத் தொகுத்துத் திரிந்த காலத்தில் நான் அடிக்கடி குறித்துக்கொண்ட சொற்களுள் ஒன்று 'பெரட்டு'. ஆங்கிலத்தில் அணிவகுப்பைக் குறிக்கும் சொல் தமிழ் நாவில் இவ்வாறு திரிந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளர் வரிசையாக நிற்பர். கிராணியோ தண்டலோ பெயர் அழைப்பார். அழைத்த பெயருக்கு அன்றைய நிரை ஒதுக்கப்படும். செக்ரோலில் பெயர் விழுந்தால் கூலி, விழாவிட்டால் இல்லை. அதற்கும் முன், கப்பலேறும்போது கங்காணியின் கணக்கில் ஒரு பெயர். நம் மக்கள் இந்நாட்டில் பட்டியல்களாகவே வாழ்ந்தவர்கள். அப்பட்டியல்கள் எல்லாம் அவர்களைப் பிறர் எண்ணுவதற்காக எழுதப்பட்டவை. எத்தனை கை, எத்தனை மரம், எவ்வளவு பால்.

ஒரு தோட்டத்தில் மூதாட்டி ஒருவரிடம் பழஞ்சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தேர்தலைப் பற்றியும் பேச்சு எழுந்தது. வாக்குச் சாவடியில் எழுத்தர் நம் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் தத்தம் பட்டியலில் கோடிட்டுக்கொள்வார்கள். அந்த அம்மையார் அதைச் சொல்லும்போது பயன்படுத்திய வினை எனக்குப் புதிதாக இருந்தது. "அங்கயும் பெரட்டு எடுப்பாங்க ஐயா, ஆனா அன்னிக்கு நாமதான் வேலை குடுக்கிறது" என்றார். ஒலிப்பதிவில் அது இன்றும் இருக்கிறது. எழுதப் படிக்க அறியாத அவர், கட்சிகளைக் கப்பல், தராசு, ராக்கெட்டு என்று சின்னங்களாலேயே அறிந்தவர். பாய்மரக் கப்பல் கூட்டணிக் கட்சியின் சின்னம். அக்கட்சி மறைந்து பல்லாண்டாகியும் அவர் பேச்சில் கப்பல் மறையவில்லை.

அவருடைய தலைமுறைக்கு அந்தப் பட்டியலில் இடம் எளிதில் கிடைத்ததன்று. 1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவருள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். சீனர் ஏறத்தாழ 11 விழுக்காடு. இந்தியரும் பிறரும் சேர்ந்து எஞ்சிய ஐந்து விழுக்காட்டிற்குள் அடங்கினர். தோட்டங்கள் நிறைய மக்கள் இருந்தனர். அவருள் குடிமக்கள் சிலரே. 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கையின் குடியுரிமை விதிகள் கடுமையானவை. 1957இல் விடுதலையோடு விதிகள் தளர்ந்தன. விடுதலைக்குப் பின் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்களாயினர். முன்னரே பிறந்திருந்தோர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. மொழித் தேர்விலிருந்து ஓராண்டுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளருள் இந்தியர் பங்கு ஏழு விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது.

அந்த ஓராண்டு எத்துணை அருமையானது என்பதைப் பலர் பின்னரே உணர்ந்தனர். விண்ணப்பிக்காமல் விட்டவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. என்றாவது ஊருக்குத் திரும்புவோம் என்ற எண்ணம். கையில் பிறப்புச் சான்று இல்லாமை. படிவத்தை நிரப்பித் தர ஆளில்லாமை. ஒரு நாள் வேலையை விட்டுப் பட்டணம் போனால் கூலி போகும் என்ற அச்சம். பத்தாண்டு கழித்து, குடியுரிமை இல்லாதார் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் தாம் பிறந்தேயிராத, அல்லது மறந்தே போன, ஊர்களுக்குக் கப்பலேறினர். ஒரு படிவம் நிரப்பப்படாததன் விளைவு அது.

படிவம் நிரப்பித் தந்தவர்களும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ஐம்பதுகளில் இரண்டு இயக்கங்களை நடத்தினார். ஒன்று, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் பொதுமக்களிடம் திரட்டிய நிதி. மற்றொன்று, தமிழர் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற இடையறாத வேண்டுகோள். முதலாவதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். இரண்டாவதை ஏறத்தாழ மறந்துவிட்டோம். அவருக்கு இரண்டும் வேறு வேறு வேலைகளாகத் தோன்றவில்லை. மொழிக்குத் துறை வேண்டுமென்று கேட்பவன் முதலில் கேட்கும் உரிமை உள்ள குடிமகனாக இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இம்மன்றம் இத்தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல முன்னோடி தேவையில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். அங்கும் தோட்டங்கள், அங்கும் கங்காணி, லயம், பெரட்டு. நம்மைப் போன்ற மக்களே; இறங்கிய துறைமுகம் மட்டும் வேறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே, 1948இல், 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்காளர் பட்டியலிலிருந்தும் அவர்களை நீக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு என்பது சுழியமாயிற்று. பிறகு 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். யார் இங்கே, யார் அங்கே என்று மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது அது. மலையகத்திலிருந்து மீண்டும் ஒருவர் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அவர் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான். எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! வாக்கால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு நான் வேறு விளக்கம் சொல்வதில்லை. பயனில்லாத ஒன்றை ஒரு மக்களிடமிருந்து பறிக்க ஓர் அரசு இவ்வளவு விரைந்து இரண்டு சட்டங்களை இயற்றுமா?

நம் நாட்டில் அவ்வாறு நிகழவில்லை. ஆயினும் பட்டியலுக்கு வெளியே நிற்போர் இன்றும் உள்ளனர். இங்கே மொழியியலாளனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மக்களின் ஆவணச் சிக்கல்களுள் பெரும்பகுதி எழுத்துச் சிக்கல். பிறப்பைப் பதிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி உரோமன் எழுத்தில் எழுதினார். இலட்சுமி என்னும் ஒரு பெயர் ஒரே குடும்பத்தில் லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி என மூன்றாகும். தந்தை பெயர் பிறப்புச் சான்றில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். ழகரம் ஒருவர் சான்றில் ஒரு விதமாகவும் உடன்பிறந்தவர் சான்றில் மற்றொரு விதமாகவும் இருக்கும். 'மகள்', 'மகன்' என்பவற்றிற்கு நேரான மலாய்ச் சுருக்கங்கள் சில அட்டைகளில் விடுபட்டிருக்கும். சிலவற்றில் மாறியே இருக்கும். வகுப்பறையில் இவை ஒலிமாற்றத்திற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். அரசு அலுவலக முகப்பில் இவையே 'நீங்கள் யார்?' என்ற வினாவாகின்றன. திருமணத்தைப் பதியாத பெற்றோர், வீட்டிலேயே பிறந்து பதியப்படாத குழந்தை என்று தோட்டங்களில் இச்சிக்கல் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. 2011இல் ஆவணமற்ற இந்தியர்களுக்காக 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கத்தை அரசு நடத்தியது. 2018இல், அறுபது வயது கடந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த இந்தியர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் இம்மண்ணில் உழைத்தவர்கள், பேரப்பிள்ளைகள் வாக்களிப்பதை வெளியே நின்று பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சிவப்பு அட்டை இன்னும் இருக்குமாயின், படித்த பிள்ளையாகிய நீங்கள் அவர்களுடைய தாள்களை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். பெயர் வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்கு உடன் செல்லுங்கள். இந்தப் பயிற்சி உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் நான் அறிந்த மொழிப் பயிற்சிகளுள் பயன் மிக்கது.

இம்மாநிலத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி உங்களுக்குத் தெரியும். இரப்பரும் செம்பனையும் சூழ்ந்த, தமிழ் வாக்காளர் கணிசமாக உள்ள தொகுதி. 2018 ஏப்ரல் 28ஆம் நாள் வேட்புமனுத் தாக்கலின்போது, மருத்துவர் ஸ்ரீராம் சின்னசாமி மனுவோடு வந்தும், உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டு இல்லையென்று தடுக்கப்பட்டார். எனவே அப்போதைய மந்திரி பெசார் முகமது ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே 9ஆம் நாள் ரந்தாவ் மக்கள் நாடாளுமன்றத்திற்கு வாக்களித்தார்கள். சட்டமன்றத்திற்கு அவர்கள் கையில் சீட்டே இல்லை. வழக்கு நடந்தது. நவம்பர் 16ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் அவ்வெற்றி செல்லாது என்றது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஏப்ரல் 13ஆம் நாள் நான்கு முனைப் போட்டியாக இடைத்தேர்தல் நடைபெற்றது. வென்றவர் மீண்டும் முகமது ஹசானே, 4,510 வாக்குகள் பெரும்பான்மையில்.

ஆள் மாறவில்லையே, பிறகு எதற்கு அவ்வளவு பாடு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியிலேயே உடன்பாடில்லை. முதல் முறை அவரை உறுப்பினராக்கியது ஒரு கதவு. இரண்டாம் முறை ஆக்கியவர்கள் ரந்தாவ் மக்கள். வென்றவருக்கும் இரண்டாவதே பெருமை.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்று மனத்தை உறுத்துவது. 2018 அக்டோபர் 13ஆம் நாள் போர்ட்டிக்சன் இடைத்தேர்தல். நாடே உற்று நோக்கிய தேர்தல். பின்னாளில் பிரதமரான அன்வார் இப்ராகிம் போட்டியிட்டது. வாக்களித்தோர் 58 விழுக்காட்டினரே. ஐந்து மாதங்களுக்கு முன் நாடு முழுவதும் 82 விழுக்காட்டினர் வாக்களித்திருந்தனர். அந்த மே 9 ஒரு புதன்கிழமை என்பதை நினைவுகொள்ளுங்கள். வேலை நாளில் தேர்தலா என்று எழுந்த சினமே மக்களைப் பேருந்தேற்றியது. அரசும் அந்நாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது. முன்பின் அறியாதார் ஒருவர்க்கொருவர் பயணச் செலவைத் திரட்டித் தந்தனர். தடை வந்தால் கிளர்ந்தெழுகிறோம். வழி திறந்திருந்தால் வீட்டில் இருந்துவிடுகிறோம்.

மாணவர்க்கு வழி எப்போதும் திறந்திருக்கவுமில்லை. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், 1975இல் திருத்தப்பட்டபின், மாணவர் கட்சி சார்வதை மட்டுமன்றி ஆதரவு காட்டுவதையே தடுத்தது. என் தலைமுறை மாணவர்கள் தேர்தல் காலத்தில் கட்சிக் கூட்டம் நடக்கும் தெருவழியே போவதற்கும் தயங்கினார்கள். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே இருந்தார்கள் என்பதற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அரசியல் அறிவியல் படிப்பவர் தேர்தலைப் பார்க்கப் போனது குற்றம்! 2011 அக்டோபர் 31ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. 2012இல் வளாகத்திற்கு வெளியே கட்சியில் சேரும் உரிமையும், 2018 இறுதியில் நிறைவேறிய திருத்தத்தால் வளாகத்தினுள்ளும் அரசியலில் ஈடுபடும் உரிமையும் வந்தன. இவற்றை உங்களுக்குப் பெற்றுத் தந்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்களே.

பதினெட்டு வயதில் வாக்குரிமை வந்த கதையும் அவ்வாறே. 2019 ஜூலை 16ஆம் நாள் மக்களவையில் இருந்த 211 உறுப்பினரும் ஒருமித்து வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினர். கட்சிகள் அவ்வாறு ஒன்றுபட்டு நான் அதிகம் கண்டதில்லை. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. பதிவும் தானாக நிகழும் என்றாயிற்று. ஆயினும் நடைமுறைக்கு வரத் தாமதமானது. சரவாக்கைச் சேர்ந்த இளைஞர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பர் 3ஆம் நாள் கூச்சிங் உயர் நீதிமன்றம் அவ்வாண்டு இறுதிக்குள் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. டிசம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2018இல் ஏறத்தாழ 149 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 நவம்பரில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. முன்பு இருபத்தொரு வயது நிரம்பியும் பதிந்துகொள்ளாதவர் முப்பது இலட்சத்துக்கும் மேல் இருந்தனர். அவர்களும் இப்போது உள்ளே வந்துவிட்டனர்.

இதன் இலக்கணத்தைச் சற்று நோக்குங்கள். முன்பு 'நான் பதிந்துகொண்டேன்' என்றோம். அஞ்சலகத்திற்குச் சென்று படிவத்தில் கையொப்பமிட்டால்தான் அவ்வாக்கியம் உண்மையாகும். இப்போது 'நான் பதியப்பட்டேன்'. செயப்பாட்டுவினை. உங்கள் பதினெட்டாம் பிறந்தநாளைத் தொடர்ந்து உங்களை அறியாமலே அது நிகழ்ந்துவிடுகிறது. இம்மாற்றம் நல்லது, தோட்டத்து மூதாட்டியைப் பட்டணத்துக்கு அலைக்கழிக்காத மாற்றம். ஆனால் செயப்பாட்டுவினைக்கு ஒரு குணம் உண்டு, செய்பவன் மறைந்துவிடுவான். யாரோ செய்துவிட்டார்கள் என்னும் மயக்கம் வந்துவிடும். 'வாக்களித்தேன்' என்பதற்கோ அத்தகைய வடிவம் ஏதும் இல்லை. அதனை இன்னும் நீங்களே செய்ய வேண்டும்.

தானாகப் பதிவாகிறது என்பதால் கவலை விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பட்டியல் உங்கள் அடையாள அட்டையின் முகவரியைப் பின்பற்றுகிறது. இம்மாநிலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தனியே ஒரு சிக்கல் இங்கேதான் எழுகிறது. தோட்டம் விற்கப்பட்டிருக்கும், லயத்து வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும், அங்கே இன்று வீடமைப்புப் பகுதியோ தொழிற்பேட்டையோ நிற்கும். ஆனால் மைகாட்டில் இன்னும் அத்தோட்டத்தின் பெயர். குடும்பம் சிரம்பானில் அடுக்குமாடியில் இருக்கும்; வாக்கு மட்டும், இல்லாத தோட்டத்தின் தொகுதியில் இருக்கும். முகவரி மாறினால் முப்பது நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பலரும் வேறு ஏதேனும் தேவை வரும்வரை அதைச் செய்வதில்லை. தேர்தல் அறிவித்த பிறகு மாற்றினால் அந்தத் தேர்தலுக்கு அது உதவாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீலாயில் படிக்கும் மாணவர் விடுதி முகவரிக்கு வாக்கை மாற்றிக்கொள்ளலாமா என்று ஓராசிரியர் கேட்டார். உண்மையில் வாழும் இடத்திற்கு மாற்றுவது முறையே. எனினும் மூன்றாண்டில் வெளியேறப் போகும் ஊரின் உறுப்பினரைத் தேர்வதா, பெற்றோர் வாழும் ஊரின் உறுப்பினரைத் தேர்வதா என்பதை அம்மாணவரே எண்ணிப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் வீட்டுப் பக்கமே சொல்வேன். பேருந்துச் செலவு ஒரு நாளுக்குரியது. சட்டமன்ற உறுப்பினர் ஐந்தாண்டுக்குரியவர். தோட்டத்து மக்களின் வீட்டு மனை, தமிழ்ப்பள்ளியின் நிலம், கோயில் இருக்கும் இடம் ஆகியவை பெரும்பாலும் மாநில அரசின் கையில் உள்ளவை. ஏனெனில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஊர் திரும்பி, சட்டமன்றத் தேர்தலுக்கு வராமல் இருந்துவிடும் வழக்கத்தை நான் வியப்போடு பார்க்கிறேன். 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் இம்மாநிலத் தேர்தல் தனியே நடந்தபோது, அடுத்த திங்கள் தேர்வு என்றும் பயணச்சீட்டு இல்லையென்றும் சொன்ன மாணவர் சிலர் என்னை நேரில் அறிந்தவர்களே.

உள்நாட்டில் படிக்கும் பொதுவான மாணவர்க்கு அஞ்சல் வாக்கு இல்லை. ஆகவே பயணம் தவிர்க்க முடியாதது. ஆசிரியப் பெருமக்களே, உங்களுள் பலர் தேர்தல் பணியாளர்களாகச் சாவடியில் அமர்பவர்கள்; உங்களுக்கு அஞ்சல் வாக்கு உண்டு. அதற்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறிவிடாதீர்கள். நாளெல்லாம் பிறரை வாக்களிக்கச் செய்துவிட்டுத் தாம் வாக்களியாமல் வீடு திரும்புவது வருந்தத்தக்கது. தேர்தல் தேதி தெரிந்தவுடன் அந்த வாரத்துத் தேர்வையும் ஒப்படைப்பையும் தள்ளிவைப்பது உங்கள் கையில் உள்ளது. முப்பது மாணவர் உள்ள வகுப்புக்கு அது முப்பது பயணங்களைக் கொடுப்பதற்கு நிகர்.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்குக் கணக்காகவே விடை தருகிறேன். தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் கேமரன் மலையில் 2013இல் நாடாளுமன்றத் தொகுதியின் பெரும்பான்மை 462 வாக்குகள். 2018இல் 597. இவற்றை ஒரு பெரிய தோட்டத்தின் லயங்களுக்குள்ளேயே எண்ணிவிடலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். எல்லாத் தொகுதியிலும் இவ்வாறு அமையும் என்று நான் சொல்லவில்லை. பல தொகுதிகளில் பெரும்பான்மை பல்லாயிரமாக இருக்கும். அங்கே உங்கள் ஒரு வாக்கு முடிவை மாற்றாது. ஆனாலும் எண்ணி முடித்தபின் கட்சிகள் ஒவ்வொரு சாவடியின் கணக்கையும் தனித்தனியே எடுத்து வைத்துப் படிப்பார்கள். எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எந்த வயதினர் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வாராதவர்களின் தெருவுக்கு அடுத்த ஐந்தாண்டில் யாரும் வரமாட்டார்கள்.

இந்த மண்டபத்தின் வாயிலில் மன்றத்தின் மாணவர் இருவர் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கிறார்கள். அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், உங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பள்ளிச் சாவடியில் உள்ளது என்பதைத் தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் காணலாம். உங்களுடையதைப் பார்த்த பின், வீட்டிலுள்ள பெரியவர்களின் எண்ணையும் கேட்டுப் பாருங்கள். முகவரி தவறாக இருப்பின் பதிவிலாகாவுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய தாள்களை அவர்கள் எழுதித் தருவார்கள். வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.